ஜிங்க் க்ரீம்: தடவச் சொன்னார்கள், துடைக்கச் சொல்லவில்லை

டயப்பர் புண்ணுக்குத் தடவுகிற ஜிங்க் க்ரீமில் ஆறாவது ட்யூப் நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தை நசுக்கித் தீர்த்தவள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். 5-க்கு 3 நட்சத்திரம் போட்டிருக்கிறேன். 'ரெண்டே நாளில் குணம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்களில் நிறையப் பேர் கைக்குழந்தைக்கு வாங்கியவர்கள். நான் வாங்கியது என் 71 வயது வீட்டுக்காரருக்கு. குழந்தையை ஒரு கையால் காலைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் துடைத்துவிடலாம். இவரை ஒருக்களிக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

இவருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. யூரின் போவது தெரியாது. மோஷன் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அதனால் பகலும் இரவும் டயப்பர்தான். எனக்கு 30 வருஷத்துக்கு மேல் தையல் மெஷின்தான் உலகம். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு இவருடைய தோல் நைந்துபோவது கண்ணில் படவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்தல்.

படாததற்குக் காரணம் இருந்தது. படிக்கிற இடத்திலெல்லாம் 'சிவந்து காணப்படும்' என்று போட்டிருக்கிறது. மாநிறத்தில் எங்கே சிவக்கும்? தொடை இடுக்கும் பின்பக்கமும் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தன. மினுமினுவென்று ஈரம் பூசிய மாதிரி ஒரு பளபளப்பு. தொட்டால் சுற்றியிருந்த தோலைவிடச் சூடு. டயப்பர் அழுத்தின தடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் துடைக்கும்போது கட்டில் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெந்நீர் பட்ட இடம்போல மேல்தோல் அங்கங்கே உரிந்து, கீழே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது.

அன்று ஓடிப்போய் வாங்கியதுதான் முதல் ட்யூப். ஜிங்க் ஆக்சைடு 40 சதவீதம் என்று போட்டிருந்தது. 10, 20 சதவீதத்திலும் கிடைக்கிறது. மருந்துக்கடைப் பையன் இதுதான் கெட்டி என்றான். கெட்டிதான். ட்யூபை அழுத்தினால் புட்டி மாவுபோல வந்து விழும், விரலில் இழுபடும். பின்னால் இருந்த குறிப்பு ஒரே வரி: டயப்பர் மாற்றும்போதெல்லாம் தாராளமாகத் தடவவும். தடவினேன். இவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டு கேட்டார்: "வெள்ளையடிச்சாச்சா?"

என் மூன்று நட்சத்திரத்துக்கும் காரணம் அந்த ஒற்றை வரிதான். தடவுவதற்கு ஒரு வரி இருக்கிறது. எடுப்பதற்கு ஒரு வரியும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவை டயப்பர் மாற்றும்போதும், பழைய க்ரீம் ஒரு துளி இல்லாமல் போனால்தான் சுத்தம் என்று, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக்கொண்டு தேய்த்தேன். ஜிங்க் ஆக்சைடு தண்ணீரில் கரையாது. அதைச் சுமக்கிற களிம்பும் எண்ணெய்ப் பசை. தண்ணீருக்கு வருமா? வராது. வராததால் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பழைய டர்க்கி டவலை வெட்டி, ஓரம் அடித்து, நானே தைத்த துணி வேறு. ஒரு நாளைக்கு ஆறு தடவை மாற்றினால் ஆறு தடவை தேய்ப்பு. ஏற்கெனவே ஊறி நொய்ந்த தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்கு. பத்து நாளாயிற்று. புண் ஆறவில்லை, பரவியது. க்ரீம் போலி என்று கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். பாவம், அவர்.

ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த சிஸ்டர் ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். நான் துடைக்கிற வேகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, அழுக்கைத் துடைங்க. க்ரீமை எதுக்குத் துடைக்கிறீங்க?"

"பழசு ஒட்டிக்கிட்டு நிக்குதே சிஸ்டர்?"

"ஒட்டிக்கிட்டு நிக்கத்தானே அதைத் தடவினீங்க!"

செய்தும் காட்டினார். மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, அழுக்குப் பட்ட மேல் ஏட்டை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தார். அடியில் வெள்ளையாக நின்றதைத் தொடவே இல்லை. எங்கே மெலிந்திருந்ததோ அங்கே மட்டும் புதிதாக ஒரு பூச்சு. தோல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு நாளைக்கு ஒரு தடவை முழுசாக எடுத்தால் போதும் என்றார். அதற்கும் தண்ணீர் கூடாது. பஞ்சில் லிக்விட் பாராஃபின் எண்ணெயை ஊற்றி, வெள்ளை மேல் வைத்து, கொஞ்ச நேரம் விட்டால் வெண்ணெய்போல இளகி வழித்துக்கொண்டு வருகிறது. எண்ணெய்ப் பசைக்கு எண்ணெய்தான் மருந்து. தையல் மெஷினில் கறை எடுக்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

சோப்பையும் அன்றே நிறுத்தச் சொன்னார். நம் தோலுக்கு லேசான புளிப்புத்தன்மை உண்டாம், பிஹெச் என்கிற புளிப்பு-கார அளவுகோலில் 4-க்கும் 6-க்கும் நடுவில். அந்தப் புளிப்புதான் கிருமிக்கு வேலி. சாதாரண சோப்புக் கட்டியோ 9, 10, அதாவது புளிப்புக்கு எதிரான காரம். யூரினில் இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைத்தால் அமோனியா வருகிறது, அதுவும் காரம். டயப்பரைத் திறந்தால் கண்ணைக் குத்துகிற நெடி அதுதான். தோல் அப்படிக் காரமாகிக் கிடக்கிற நேரத்தில் மோஷனும் பட்டால், அதிலிருக்கிற செரிமான என்சைம்கள் விழித்துக்கொண்டு தோலையே செரிக்க ஆரம்பிக்கும். தண்ணியாகப் போனால் என்சைம் இன்னும் அதிகம். அதனால்தான் யூரின் மட்டும் போகிறவர்களைவிட இரண்டும் போகிறவர்களுக்குச் சீக்கிரம் வெந்துவிடுகிறது. இதில் சோப்பு போட்டுத் தேய்த்த நான் எந்தக் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது சோப்புக்குப் பதில் அலச வேண்டாத நுரை க்ளென்சர். பம்ப்பை இரண்டு தடவை அழுத்தி, நுரையைத் தோலில் வைத்து, அது அழுக்கை இளக்க அரை நிமிஷம் விட்டு, ஒற்றி எடுக்கிறேன். அதற்குத் தாராளமாக 4 நட்சத்திரம். ஒன்று குறைத்தது, வாசனை போட்டதையும் போடாததையும் ஒரே நிறப் பாட்டிலில் விற்பதற்கு. வைப்ஸ் வாங்குகிறவர்கள் பொருள் பட்டியலைப் படியுங்கள். ஆல்கஹால், வாசனைத் திரவியம், மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நாக்கு சுளுக்குகிற பெயர், மூன்றில் எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன். கடைசியது அலர்ஜிக்குப் பேர்போன பதப்படுத்தி. ஈர வைப்ஸால் தோல் தடித்தவர்களில் பலருக்கு அதுதான் காரணம்.

சரி, க்ரீமுக்கு வருகிறேன். சிஸ்டர் சொன்ன மாதிரி செய்ததில் நாலாம் நாள் எரிச்சல் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் உரிந்த இடத்தில் புதுத்தோல். க்ரீம் வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவில் சுவர்போல நிற்கிறது. வயிற்றுப்போக்கு நாட்களில் இதை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை.

ஆனால் சுவருக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளையாக மூடிவிடுவதால் கீழே தோல் என்ன ஆகிறது என்று தெரியாது. ஆறுகிறதா, மோசமாகிறதா, எண்ணெய் போட்டு எடுக்கிறவரை மர்மம்தான். இரண்டாவது, 'தாராளமாக' என்பது தப்பான வார்த்தை. தாராளமாகப் பூசினால் டயப்பரின் உள்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது. அப்பின இடம் யூரினை இழுக்காது. இழுக்காதது தோலிலேயே தேங்கும். நான் சோதித்தே பார்த்தேன். புது டயப்பரில் ஒரு பக்கம் க்ரீம் தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். வெறும் பக்கம் உடனே உறிஞ்சிவிட்டது. க்ரீம் பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, தாமரை இலைமேல் நிற்கிற மாதிரி. பெட்ரோலியம் ஜெல்லியை வழிய வழியப் பூசினாலும் இதே கதை. ஆகவே, தோல் நிறம் மறையும் அளவுக்கு ஒரே ஏடு. புண் வெடித்து, போக்கும் நிற்காத நாளில் மட்டும் கூடுதலாக.

ஜன்னல் வேண்டும் என்கிறவர்களுக்கு டைமெத்திகோன் க்ரீம் இருக்கிறது. சிலிகோன் வகை. பூசினது தெரியாது, பிசுபிசுப்பு கிடையாது, டயப்பரை அடைக்காது, கீழே தோல் பளிச்சென்று தெரியும். புண் வருவதற்கு முன்னாலேயே தினமும் போட ஏற்றது இதுதான். தண்ணியாகப் போகிறபோது மட்டும் ஜிங்க் அளவுக்குத் தாங்கவில்லை. இதற்கு 4. இப்போது சாதாரண நாளில் டைமெத்திகோன், வயிறு கெட்ட நாளில் ஜிங்க். ஒன்றின் மேல் ஒன்று பூசுவதில்லை. இவரும் பழகிவிட்டார், ஒருக்களித்தபடியே கேட்பார்: "இன்னைக்கு வெள்ளையா, கண்ணாடியா?"

பூசுவதில் ஒரு விஷயம். ஈரத்தின் மேல் எந்த க்ரீமும் பிடிக்காது. ஒற்றி முடித்து, மடிப்புகளை விரித்துக் காற்றாட விட்டுத்தான் தடவ வேண்டும். கையால் விசிறினால் போதும், ஹேர் ட்ரையர் வேண்டாம். பவுடரும் வேண்டாம். ஈரமும் பவுடரும் சேர்ந்து இடுக்கில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு அசைவிலும் அது மணல்போல அறுக்கும். நானும் ஆரம்பத்தில் கொட்டியவள்தான், அதனால் சொல்கிறேன்.

க்ரீம் தோற்ற இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டிலும் க்ரீம்மேல் குற்றமில்லை, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தியிருந்தால் கஷ்டப்பட்டிருப்போம்.

எட்டாம் மாதம் யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் இடுக்கு மறுபடி வெந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி. புண்ணின் ஓரத்தைத் தாண்டி, நல்ல தோலில், கடுகு தெளித்ததுபோலக் குட்டிக் குட்டிப் பருக்கள். எரிச்சலைவிட அரிப்பு அதிகம். இரண்டு நாள் ஜிங்க் பூசினேன், பருக்கள் கூடின. டாக்டர் பார்த்த உடனே பூஞ்சை என்றார், கேண்டிடா. நல்ல பாக்டீரியாவையும் ஆன்டிபயாட்டிக் கொன்றுவிடுவதால் இது துளிர்க்குமாம். ஜிங்க் ஈரத்தைத்தான் தடுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் க்ரீம் எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் அதை மெல்லிசாகத் தடவி, அது தோலில் இறங்கின பிறகுதான் மேலே தடுப்பு க்ரீம். முதலில் சுவர் எழுப்பிவிட்டு மருந்தைச் சுவருக்கு வெளியே பூசிப் பயனில்லை அல்லவா? மறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது என்றார். இரண்டு வாரம் போட்டோம்.

அந்தச் சமயம் சொந்தத்தில் ஒருவர் நல்ல மனசோடு ஒரு ட்யூப் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாப் படைக்கும் கேட்குமாம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்தது. டாக்டரிடம் காட்டினேன். வாங்கித் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், டயப்பர் மூடியிருக்கிற இடத்தில் கட்டுப் போட்ட மாதிரி இன்னும் ஆழமாக இறங்கும் என்றார். அரிப்பு அடங்கிவிடும், ஆறிவிட்டது என்று நினைப்போம், உள்ளே பூஞ்சை சொகுசாகப் பரவும்.

இரண்டாவது இடம் வால் எலும்பு. க்ரீம் பூசப்போகும்போது அங்கே ஒரு வட்டம் கண்டேன், பெரிய சட்டைப் பித்தான் அளவு, ஓரம் வரைந்ததுபோல. ஈரத்தால் வருகிற புண் இடுக்கிலும் சதையிலும் ஓரம் தெரியாமல் பரவலாக இருக்கும். இது எலும்பு மேட்டின் மேல், ஒற்றையாக, சுற்றியிருந்த தோலைவிடக் கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் ஒரு நொடி வெளிறி மறுபடி வர வேண்டும். வெளிறவே இல்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். அதற்கு எந்த ட்யூபும் ஆகாது. பாரத்தை எடுக்க வேண்டும், திருப்பிப் போட வேண்டும், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டினோம், தப்பித்தோம். படுக்கையில் மேலே நகர்த்தும்போது இடுப்பைப் பிடித்து இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவதும் அன்றிலிருந்துதான். அந்த இழுப்பில் தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போகும். பயாஸ் துணியை, அதாவது சாய்வாக வெட்டின துணியை, தப்பான பக்கம் இழுத்தால் எப்படிக் கோணிக்கொள்ளுமோ, அப்படி.

டயப்பரைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே நாலு வரி. டேப் எடுத்து இடுப்பையும் அதற்குக் கீழே அகலமான இடத்தையும் அளந்து, எது பெரிசோ அந்த சைஸ் வாங்குங்கள். ஆள் பருமனைப் பார்த்து உத்தேசமாக வாங்கினால் பெரிசு தொடையோரம் கசியும், சின்னது ஓரத்தில் அறுக்கும். அறுத்த இடத்தில்தான் புண் தொடங்கும். ராத்திரிக்கு இரண்டு டயப்பரை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுவது வீண். உள்ளே இருப்பதன் முதுகு தண்ணீர் புகாதது, வெளியே இருப்பதற்கு ஒன்றும் போகாது, உள்ளே சூடு மட்டும் ஏறும். டயப்பருக்குள் யூரினை உறிஞ்சுகிற ஜெல் எவ்வளவு குடித்தாலும் மோஷனுக்கு அது செல்லாது. மோஷன் போனால் மணி பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். யூரினுக்குப் பகலில் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை கைவைத்துப் பார்க்கிறேன். சாப்பிட்ட அரைமணிக்குள் குடல் அசையும் என்பதால், காலையில் அந்த நேரம் பார்த்து கமோட் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். வாரத்தில் நாலு நாள் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த நாலு நாளும் ஜிங்க் தேவைப்படாத நாட்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் டயப்பரே இல்லாமல், அண்டர்பேட் என்கிற உறிஞ்சும் விரிப்பை மட்டும் விரித்து, மேலே மெல்லிய வேட்டி போர்த்திக் காற்றாட விடுகிறேன்.

நனைந்துவிடும் என்று தண்ணீரைக் குறைத்தது நான் செய்த இன்னொரு பாவம். இவரே எனக்காகக் குறைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. டம்ளரைப் பாதியில் வைத்துவிடுவார். யூரின் கெட்டியாகி, நெடி ஏறி, எரிச்சல்தான் அதிகமாயிற்று. "நீங்க குடிங்க, நான் மாத்திக்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொல்லாமல் குடித்தார்.

ட்யூபைப் பற்றி இன்னும் இரண்டு குறை. மூடி திருகு மூடி, அதுவும் கட்டைவிரல் நகம் அளவு. ஒரு கையால் ஆளைப் பிடித்துக்கொண்டு, கையுறை போட்ட மறு கையால் அதைத் திறந்து பாருங்கள். கட்டிலுக்கு அடியில் உருண்ட மூடிகளுக்குக் கணக்கில்லை. நாலாவது ட்யூபில் திடீரென்று ஏதோ பூ வாசனை சேர்த்திருந்தார்கள், அட்டையில் 'புதிய நறுமணம்' என்று பெருமையாகப் போட்டு. எரிகிறது என்றார். இவருக்கு ஆகவில்லை. வாசனை இல்லாததைத் தேடி வாங்கினேன்.

கம்பெனிக்கு எழுதினேன். முழுவதும் தேய்த்து எடுக்காதீர்கள், அழுக்கை மட்டும் ஒற்றி எடுங்கள் என்று ஒரு வரி பின்னால் அச்சிடுங்கள், இடம் நிறைய இருக்கிறது என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ஏழாவது நட்சத்திரம் கேட்டதுபோல ஒரு நன்றி.

வாரக் கடைசியில் மகன் வந்து இரண்டு நாள் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன், அப்பாவைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறான், ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல். "எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கேன் பாரும்மா." நான் எதுவும் சொல்லவில்லை, என் பத்து நாள் ஞாபகம் வந்தது. துணி வெட்டக் குறி போடுகிற மார்க்கரை எடுத்து ட்யூபின் மேல் பெரிசாக எழுதினேன்: 'அழுக்கை மட்டும் எடு'. எண்ணெய்க் கை பட்டு நாலு நாளில் அழிந்துவிடுகிறது. மார்க்கரை இப்போது ட்யூபோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.